நைலான் ரப்பரைக் கைப்பிடித்த கதை

நைலான் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அதன் உறுதி. மீன்வலை, கொடிக்கயிறு, பள்ளிப்பையின் வார் என எத்தனையோ பொருள்களில் அது நமக்கு உழைக்கிறது. ஆனால் இதே நைலானை விரல் நீளச் சிறு சட்டமாக வார்த்து, நன்கு உலர்த்தி, ஒரு பக்கத்தில் இரண்டரை மில்லிமீட்டர் ஆழத்திற்கு ஆப்பு வடிவில் ஒரு பள்ளம் வெட்டிச் சுத்தியலால் அடித்தால் என்ன ஆகும்? வெட்டிய இடத்தில் விரிசல் ஓடி, சட்டம் ‘டக்’கென்று இரண்டாகிவிடும். நூலாக இழுத்தபோது அத்தனை வலிமை காட்டிய பொருள், ஒரு சிறு வெட்டைத் தாங்க மாட்டாமல் முறிந்து விடுகிறது!

இந்த அடியை அளந்து பார்க்க ஓர் எளிய கருவி உண்டு. எட்வின் கில்பர்ட் ஐசாட் என்ற பொறியாளர் 1903-இல் விவரித்த சோதனை அது. இன்றும் அவர் பெயராலேயே ஐசாட் சோதனை எனப்படுகிறது. கனத்த தலையுள்ள ஊசல் ஒன்றைக் குறிப்பிட்ட உயரத்திற்கு உயர்த்தி விடுவார்கள். அது கீழே வந்து சட்டத்தை முறித்து, மறுபக்கம் ஏறும். தொடக்கத்தில் இருந்த உயரத்திற்கு அதனால் ஏற முடியாது. எவ்வளவு உயரம் குறைந்ததோ, அவ்வளவு நிலையாற்றலைச் சட்டம் விழுங்கிவிட்டது என்று பொருள். உங்கள் இயற்பியல் பாடத்திலுள்ள ஆற்றல் அழிவின்மை விதியைத் தவிர இதில் வேறு எதுவும் இல்லை.

உலர்ந்த நைலானுக்கு இந்த அளவு, வெட்டின் அகலம் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 50 ஜூல். நாம் சோதித்த சட்டத்தின் கனம் 3.2 மில்லிமீட்டர்தான் என்று கொண்டால், அதை முறிக்க 0.16 ஜூல் போதும். 100 கிராம் எடையை ஒரு சாண் உயரத்திற்கும் குறைவாகத் தூக்கும் வேலைதான் அது! இயந்திரப் பற்சக்கரத்துக்கும் மோட்டார் வாகன உறுப்புக்கும் நைலானைப் பயன்படுத்த நினைத்த பொறியாளர்களுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. கூர்மையான மூலை இல்லாத, கீறலே விழாத உறுப்பு எங்கே இருக்கிறது?

மருந்து என்னவென்று யாரும் யூகித்து விடலாம். ரப்பரைக் கலந்தால் போயிற்று! அடி விழும்போது ரப்பர் துளிகள் நெகிழ்ந்து கொடுக்கும், விரிசல் ஓடாது. ஆனால் நைலானையும் ரப்பரையும் சேர்த்து உருக்கிக் கலந்து பார்த்தவர்களுக்கு ஏமாற்றமே கிடைத்தது. ரப்பர் பெரிய பெரிய துளிகளாகத் திரண்டது. ஆறிய பின் துளிக்கும் நைலானுக்கும் இடையே பிடிப்பே இல்லை. சோற்றில் கிடக்கும் கல்லைப் போலத் தனித்தே நின்றது. கலவையின் முறிவெதிர்ப்பு எதிர்பார்த்தபடி உயரவில்லை.

ஏன் கலக்க மறுக்கின்றன?

சர்க்கரை நீரில் கரைகிறது. ஆல்கஹால் நீரோடு எந்த அளவிலும் கலக்கிறது. பலபடிகள் மட்டும், அதாவது ஆயிரக்கணக்கான அணுக்கள் சங்கிலிபோல் கோத்த நெடிய மூலக்கூறுகள் மட்டும், ஏன் ஒன்றோடொன்று பெரும்பாலும் கலப்பதில்லை? இதற்கு விடையை 1941, 1942-ஆம் ஆண்டுகளில் பால் ஃப்ளோரி, மாரிஸ் ஹக்கின்ஸ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் தனித்தனியே கண்டனர். இவர்களுள் ஃப்ளோரி, 1935-இல் நைலானை முதன்முதலில் உருவாக்கிய வாலஸ் கரோதர்ஸின் குழுவில் பணியாற்றியவர். 1974-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.

அவர்கள் கூறியதை மணிகளைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். பத்து வெள்ளை மணிகள், பத்துக் கறுப்பு மணிகள் எடுத்துக் கொள்ளுங்கள். இருபது குழிகள் வரிசையாக உள்ள ஒரு பலகையில் இவற்றை எத்தனை விதமாக அடுக்கலாம்? கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,84,756 விதங்கள்! அவற்றுள் வெள்ளை எல்லாம் ஒருபுறமும் கறுப்பு எல்லாம் மறுபுறமுமாக அமைவது இரண்டே இரண்டு. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு குலுக்கினால் மணிகள் கலந்தே கிடக்கும். இயற்கை கலவையை விரும்புவதன் இரகசியம் இதுதான். இதைத்தான் என்ட்ரோபி என்ற அளவால் குறிக்கிறோம்.

இப்போது வெள்ளை மணிகள் பத்தையும் ஒரே நூலில் கோத்துவிடுங்கள், கறுப்பையும் அவ்வாறே. இனி எத்தனை விதங்கள்? வெள்ளை முன்னே, கறுப்பு பின்னே. அல்லது கறுப்பு முன்னே, வெள்ளை பின்னே. இரண்டே விதங்கள். நூலில் கோத்ததும் மணிகளின் சுதந்திரம் போய்விட்டது! உண்மையான சங்கிலிகள் வளைந்து நெளியக் கூடியவை. அதனால் இவ்வளவு மோசமில்லை. ஆயினும் கலப்பதால் கிடைக்கும் என்ட்ரோபி ஆதாயம், சங்கிலி நீள நீள அதே விகிதத்தில் குறைந்துகொண்டே போகிறது.

மறுபுறம், ஒரு வெள்ளை மணிக்கும் அதன் பக்கத்துக் கறுப்பு மணிக்கும் இடையே சிறிது ஒவ்வாமை இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அது மட்டும் கோத்ததால் குறைவதில்லை. ஒவ்வொரு மணியாகக் கூடிச் சங்கிலி முழுவதற்குமான பெரும் ஒவ்வாமையாக ஆகிவிடுகிறது. ஆதாயம் அற்பம், நட்டம் பெரிது. பிறகு ஏன் கலக்கப் போகின்றன? நைலானில் மின்சுமை சற்றே பிரிந்த அமைடு தொகுதிகள் உண்டு. எத்திலீன்-புரோப்பிலீன் ரப்பரிலோ வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். நீரும் எண்ணெயும் போன்ற சோடி இது.

நீரையும் எண்ணெயையும் சேர்த்து வைக்கச் சோப்பு இருக்கிறது. ஒரு முனை நீரில், மறுமுனை எண்ணெயில் என்று எல்லைக்கோட்டில் நின்று சமாதானம் செய்யும் மூலக்கூறு அது. பலபடிகளுக்கும் அப்படி ஒன்றைச் செய்யலாமே! பாதி நைலானாகவும் பாதி ரப்பராகவும் உள்ள ஒரு சகபலபடியைத் தயாரித்துக் கலவையில் போடலாம் அல்லவா? செய்யலாம்தான். ஆனால் அதைத் தனியே தயாரிக்கச் செலவு மிகும். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்றும் உண்டு. உருகிய பலபடி தேனைவிடப் பல மடங்கு கெட்டியான திரவம். அதில் இந்த நீளச் ‘சோப்பு’ நகர்ந்து எல்லைக்குப் போய்ச் சேர்வதற்குள் கலவை இயந்திரத்தை விட்டே வெளியே வந்துவிடும்! போகிற வழியில் தன்னினத்தோடு கூடித் தனிக் கொத்துகளாகத் தங்கிவிடுவதும் உண்டு.

கைகள் முளைத்த ரப்பர்

சோப்பை வெளியிலிருந்து கொண்டுவராமல், எல்லையிலேயே அது பிறக்கும்படி செய்தால் என்ன? இந்த வழி கண்டவர்களை நான் மிகவும் மெச்சுகிறேன். இயற்பியல் ஆசிரியன் வேதியியலுக்குள் ஏன் தலையிடுகிறான் என்று கேட்காதீர்கள். இயற்பியல் ‘கூடாது’ என்று கதவைச் சாத்திய இடத்தில் வேதியியல் சன்னலைத் திறந்துவிட்ட இடம் இது.

நைலான்-6 சங்கிலி ஒன்றைப் பாருங்கள். அதன் மூலக்கூறு எடை சுமார் 18,000. ஒவ்வொரு கண்ணியின் எடை 113. எனவே ஒரு சங்கிலியில் ஏறத்தாழ 160 கண்ணிகள். அந்த நீளச் சங்கிலியின் ஒரு முனையில், ஒரு நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்த அமைன் தொகுதி இருக்கிறது. மறுமுனையில் கார்பாக்சில் தொகுதி. இவ்வாறு மூலக்கூறில் வினைபுரியும் திறன் பொதிந்த அணுக்கூட்டத்தை வினைச்செயல் தொகுதி என்று வேதியியலார் அழைப்பர். 160 கண்ணிக்கு ஓர் அமைன் என்பது மிகச் சொற்பம் என்று தோன்றுகிறதல்லவா? அந்த ஒன்று போதும்.

ரப்பரில்தான் பிடிப்பதற்குக் கையே இல்லை. எனவே அதற்குக் கைகளை முளைக்க வைக்க வேண்டும். ரப்பரோடு மாலெயிக் அன்ஹைட்ரைடு என்ற சேர்மத்தையும் சிறிது பெராக்சைடையும் சேர்த்துச் சூடாக்குவார்கள். பெராக்சைடு சிதைந்து, ரப்பர்ச் சங்கிலியிலிருந்து ஆங்காங்கே ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. காலியான அந்த இடத்தில் மாலெயிக் அன்ஹைட்ரைடு வந்து ஒட்டிக்கொள்கிறது. மாஞ்செடியில் ஒட்டுக் கட்டுவது போன்றது இது. 100 கிராம் ரப்பருக்கு ஒரு கிராம் ஒட்டினாலே மிகுதி. கணக்கைப் பாருங்கள்: ரப்பர்ச் சங்கிலியின் மூலக்கூறு எடை 50,000 என்றால், அதில் நூற்றில் ஒரு பங்கு 500. மாலெயிக் அன்ஹைட்ரைடின் மூலக்கூறு எடை 98. ஆக, ஒரு சங்கிலிக்கு ஐந்து கைகள்!

இனி நைலானையும் இந்த ரப்பரையும் எக்ஸ்ட்ரூடர் என்ற இயந்திரத்தில் இடுகிறார்கள். முறுக்குப் பிழியும் நாழியை நினைத்துக் கொள்ளுங்கள். அதைப் பல மடங்கு நீளமாக்கி, சூடேற்றி, கையால் அழுத்துவதற்குப் பதில் உள்ளே சுழலும் இரட்டைத் திருகுகளை வைத்தால் அதுதான் எக்ஸ்ட்ரூடர். 250 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம். கலவை உள்ளே இருக்கும் நேரம் ஓரிரு நிமிடங்களே. திருகுகள் ரப்பர்த் துளிகளை இழுத்து, மடித்து, மீண்டும் இழுக்கின்றன. பரோட்டா மாவை வீசி மடிப்பது போல. ஒவ்வொரு இழுப்பிலும் புதுப்புது எல்லைப்பரப்பு உண்டாகிறது. எல்லையின் கனம் சில நானோமீட்டர்களே. அங்கேதான் அமைன் முனை, அன்ஹைட்ரைடைச் சந்திக்கிறது.

சந்தித்ததும் நடப்பது என்ன? அன்ஹைட்ரைடு என்பது நான்கு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த ஐந்து பக்க வளையம். அமைனின் நைட்ரஜன் அதைத் தாக்க, வளையம் திறந்து கொள்கிறது. பிறகு நைட்ரஜனையே உள்ளே வைத்துக்கொண்டு வளையம் மீண்டும் மூடுகிறது. ஒரு நீர் மூலக்கூறு விடைபெற்று ஆவியாகப் போகிறது. இப்போது நைலான் சங்கிலியும் ரப்பர்ச் சங்கிலியும் இமைடு என்ற வளையத்தின் வழியே சகப் பிணைப்பால் இணைந்த ஒரே மூலக்கூறு. நாம் தேடிய ‘சோப்பு’ இதுவே. எல்லைக்கு அது பயணம் செய்ய வேண்டியதில்லை, அங்கேயேதான் பிறந்தது. வேறு எங்கும் பிறக்கவும் முடியாது. அமைனும் அன்ஹைட்ரைடும் சந்திக்கும் இடம் அது ஒன்றுதானே!

உருகிய நைலானையும் பாலிபுரோப்பிலீனையும் இவ்வாறு மாலெயிக் அன்ஹைட்ரைடின் துணையோடு இணைத்ததை ஐடே, ஹசெகாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 1974-இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பென்னட் எப்ஸ்டீன், ரப்பரால் வலுவூட்டிய நைலானுக்கு 1979-இல் காப்புரிமை பெற்றார். முன்பு 50 ஜூலில் முறிந்த சட்டம், இப்போது 800, 900 ஜூல் வரை தாங்கியது. நம் 3.2 மில்லிமீட்டர் சட்டத்திற்கு இது ஏறக்குறைய 2.9 ஜூல். சாண் உயரத்திற்குக் குறைவாகத் தூக்கிய அதே 100 கிராம் எடையை இப்போது வீட்டுக் கூரையளவு தூக்க வேண்டும்!

வினை நடந்தது என்பதற்குச் சாட்சி?

‘எல்லையில் நடந்தது, கண்ணுக்குத் தெரியாது’ என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. சோதித்துக் காட்ட ஓர் அழகான வழி உண்டு. மொலாவ் என்ற ஆய்வாளரின் பெயரால் வழங்கும் சோதனை அது. ஃபார்மிக் அமிலத்தில் நைலான் கரையும். ரப்பரோ பாலிபுரோப்பிலீனோ கரையாது. வெறுமனே கலந்த துண்டை ஒரு சோதனைக் குழாயில் ஃபார்மிக் அமிலத்தில் இட்டால், நைலான் கரைந்துபோக, எடை குறைந்த ரப்பர் பிரிந்து மேலே மிதக்கும். கீழே திரவம் தெளிவாக இருக்கும். வினைபுரிந்த கலவையை இட்டாலோ குழாய் முழுவதும் பால்போல் வெளுத்து, நாள்கணக்கில் தெளியாமலே நிற்கும். ரப்பர்த் துளிகளின் மேல் நைலான் சங்கிலிகள் வேரூன்றி அமிலத்துக்குள் நீட்டிக் கொண்டிருப்பதால் துளிகள் ஒன்றுசேர முடிவதில்லை. (ரப்பர்த் தோட்டங்களில் பாலை உறைய வைக்கப் பயன்படும் அமிலமும் இதுவே. செறிந்த நிலையில் தோலைப் பொசுக்கிவிடும். ஆசிரியர் துணையின்றித் தொடாதீர்கள்.)

உருகிய கலவையிலும் இதே கதைதான். திருகு ஒருபுறம் துளிகளை உடைக்க, அவை மறுபுறம் மோதி மீண்டும் ஒன்றாகிக் கொண்டே இருக்கும். வேரூன்றிய சங்கிலிகளோ துளியை மேலெல்லாம் புல் முளைத்த பந்தாக மாற்றிவிடுகின்றன. இரண்டு பந்துகள் நெருங்கினால் புல்லோடு புல் மோதி விலகும். பரப்பு இழுவிசையும் குறைவதால் துளிகள் எளிதில் இன்னும் சிறியனவாக உடைகின்றன. வினையில்லாத கலவையில் 5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளிகளைக் கண்டால், வினைபுரிந்ததில் கால் மைக்ரோமீட்டர் துளிகளைக் காணலாம். ஒரு கன சென்டிமீட்டர் ரப்பரை 5 மைக்ரோமீட்டர் துளிகளாக்கினால் மொத்தப் பரப்பு 1.2 சதுர மீட்டர். கால் மைக்ரோமீட்டர் துளிகளாக்கினால் 24 சதுர மீட்டர், அதாவது ஆறு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையின் தரை! இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். விட்டத்தால் 6-ஐ வகுத்தால் ஒரு கன அளவுக்கான பரப்பு கிடைக்கும்.

அவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது? பிணைப்பு பலமாக ஒட்டியதால் என்று நினைக்கத் தோன்றும். டூபான்ட் நிறுவனத்தின் சௌஹெங் வூ 1985-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. முடிவு செய்வது ஒட்டுதலின் வலிமையன்று. துளிக்கும் துளிக்கும் இடையே உள்ள நைலானின் கனம்தான். அது சுமார் 0.3 மைக்ரோமீட்டருக்கு மேல் இருந்தால் சட்டம் நொறுங்குகிறது. குறைந்தால் நொறுங்காமல் தாங்குகிறது. நூற்றுக்கு இருபது பங்கு ரப்பர் என்று கொண்டால், 5 மைக்ரோமீட்டர் துளிகளுக்கிடையே கனம் ஏறத்தாழ 1.9 மைக்ரோமீட்டர்; கால் மைக்ரோமீட்டர் துளிகளுக்கோ 0.1 மைக்ரோமீட்டர்தான். அதே நைலான், அதே அளவு ரப்பர்! துளிகளைச் சிறிதாக்கி, சிறிதாகவே நிறுத்தி வைத்ததுதான் வேதி வினை செய்த பேருதவி.

அடி விழும்போது துளிகளுக்குள் நுண்ணிய வெற்றிடங்கள் திறக்கின்றன. அதனால் தகைவு தளர்ந்து, இடையிலுள்ள மெல்லிய நைலான் முறியாமல் இழுபடுகிறது. ஒரு துளியைச் சுற்றி அல்ல, வெட்டின் முனையைச் சூழ்ந்த கோடிக்கணக்கான துளிகளைச் சுற்றி இவ்வாறு நடக்கிறது. ஊசலின் ஆற்றல் அங்கே செலவாகி வெப்பமாகிவிடுகிறது. அடிபட்ட இடம் வெளுத்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். வெற்றிடங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. இதற்கு விலையும் உண்டு: ரப்பர் சேர்த்த நைலானின் விறைப்பு சற்றுக் குறைந்துவிடும்.

வினை எல்லை மீறினால் கேடும் விளையும். வாகனங்களின் முட்டுத்தாங்கிகளுக்குப் பாலிகார்பனேட்டும் பாலிபியூட்டிலீன் டெரெஃப்தாலேட்டும் கலந்த கலவை பயன்படுகிறது. இரண்டிலும் எஸ்டர் வகைப் பிணைப்புகள் உண்டு. உருகிய நிலையில் இவை தம் துண்டுகளைத் தமக்குள் மாற்றிக் கொள்கின்றன. சிறிது நடந்தால் நல்லது. எல்லையில் இணக்கம் பிறக்கும். நீண்ட நேரம் நடக்க விட்டால் சங்கிலிகள் துண்டுதுண்டாகக் கலந்து, இரண்டின் தனிக்குணமும் போய்விடும். படிகமாகும் திறனும் எண்ணெய், பெட்ரோலைத் தாங்கும் திறனும் குறையும். ஆகவே இங்கே வினையைத் தூண்டுவதில்லை. பாஸ்பரஸ் சேர்மங்களைச் சிறிதளவு சேர்த்து அடக்கி வைக்கிறார்கள்.

எண்ணெய்ப் பாக்கெட்டில் ஒரு சிக்கல்

இந்த வேதியியல் வாகனத் தொழிற்சாலைக்கு மட்டும் உரியதன்று. சில சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டுகளும் இறைச்சி, பாலாடைக்கட்டி உறைகளும் ஒரே தாளாகத் தோன்றினாலும் பல அடுக்குகள் கொண்டவை. பாலிஎத்திலீன் ஈரத்தைத் தடுக்கும், சூட்டில் ஒட்டி மூடவும் உதவும். நைலான் ஆக்சிஜனைத் தடுத்து எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் காக்கும். இவை ஒன்றோடொன்று ஒட்டாதவை என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். நடுவே ஒரு மெல்லிய பசை அடுக்கு வைக்கிறார்கள். அது என்ன பசை? மாலெயிக் அன்ஹைட்ரைடு ஒட்டுக் கட்டிய பாலிஎத்திலீன்!

பாக்கெட் குப்பைக்குப் போன பிறகுதான் சிக்கல். அடுக்குகளைப் பிரித்தெடுக்க எளிய வழியில்லை. பிரிக்காமல் உருக்கினால், பாலிஎத்திலீனுக்குள் நைலான் பெரும் துளிகளாகத் திரண்டு, கிடைப்பது எளிதில் கிழியும் சரக்கு. அதை வாங்குவார் இல்லாததால் பாக்கெட்டுகள் குப்பைமேட்டிலேயே தங்கிவிடுகின்றன. அங்கும் கைகொடுப்பது இதே வினைதான். தாளிலேயே உள்ள பசை அடுக்கு உருகிக் கலக்கும்போது ஓரளவு இணைக்கிறது. போதாதபோது, ஒட்டுக் கட்டிய பாலிஎத்திலீனை நூற்றுக்குச் சில பங்கு மேலும் சேர்க்கிறார்கள். துளிகள் சிறுத்து, வார்த்த பொருள் மீண்டும் பயன்படும் உறுதியைப் பெறுகிறது.

ஆனால் எல்லாப் பிளாஸ்டிக் கலவைக்கும் இந்த ஒரே சாவி பொருந்தாது. தண்ணீர்ப் புட்டிகள் செய்யும் பாலியெஸ்டரின் முனைகளில் இருப்பவை கார்பாக்சிலும் ஹைட்ராக்சிலும், அமைன் இல்லை. அவை அன்ஹைட்ரைடோடு அத்தனை விரைவாக வினைபுரிவதில்லை. அங்கே எப்பாக்சி தொகுதியை ஒட்டுக் கட்ட வேண்டியிருக்கிறது. பாலிபுரோப்பிலீனும் பாலிஎத்திலீனும் கலந்த குப்பையிலோ இரு தரப்பிலும் கையே கிடையாது. எனவே குப்பையில் என்ன என்ன பிளாஸ்டிக், எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்த பிறகே எந்தத் தொகுதியைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய முடியும். பாக்கெட்டின் அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1 என்றால் புட்டிப் பாலியெஸ்டர், 2-உம் 4-உம் பாலிஎத்திலீன், 5 பாலிபுரோப்பிலீன். பல அடுக்குத் தாள்கள் பெரும்பாலும் ‘மற்றவை’ என்ற 7-இல் அடங்கிவிடும். அடுத்த முறை எண்ணெய்ப் பாக்கெட் காலியானதும் திருப்பிப் பாருங்கள்.